கொசுறுக்குச் சான்றிதழ் கிடையாது

ஒரு காட்டில் ஒரு பஜ்ஜிக் கடை இருந்தது. காட்டில் ஏது பஜ்ஜிக் கடை என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு கொக்கு ஏழு பிரதிகளில் கையெழுத்துப் போடப் போகிறது. அதையும் நீங்கள் நம்ப வேண்டியிருக்கும்.

கடையை நடத்தியது மாராக்கா என்கிற கரடி. ஒரு காலத்தில் அவளும் மற்ற கரடிகளைப் போலத் தேன் எடுத்துத்தான் பிழைத்தாள். தேனீக்கள் கொட்டிக் கொட்டி மூக்கு நிரந்தரமாக வீங்கிப்போனதும் ஒருநாள் மரத்திலிருந்து இறங்கினாள். இனி நான் யாரையும் தேடிப் போவதில்லை, வேண்டுமென்றால் என்னைத் தேடி வரட்டும் என்று சொல்லி, மந்தாரை மரத்தடியில் அடுப்பு மூட்டினாள். ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன இரும்புச் சட்டிதான் அவளுடைய எண்ணெய்ச் சட்டி. சட்டுவமும் இரும்பு. வாழைக்காய் பஜ்ஜி, வெங்காய பஜ்ஜி, மழை வந்தால் மிளகாய் பஜ்ஜி.

நான்கு மணிக்கு அடுப்பு பற்றினால் ஐந்து மணிக்கு வரிசை ஓடைக்கரை வரை போய்விடும். மானுக்குப் பின்னால் சிறுத்தை நிற்கும். தன் முறை வரும்வரை சிறுத்தை மானைப் பார்க்காது, சட்டியைத்தான் பார்க்கும். அந்தக் காட்டில் அமைதி நிலவிய ஒரே இடம் அதுதான். வரிசையைப் பார்க்கப் பார்க்க மாராக்காவுக்கு மனசு நிறைந்து போகும். அவளுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கொசுறு. சட்டியின் அடியில் தங்கிய மாவுத் தூளைச் சட்டுவத்தால் கரகரவென்று சுரண்டி, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு பிடி போடுவாள். கேட்டாலும் போடுவாள், கேட்காவிட்டாலும் போடுவாள். கொசுறு போடாமல் பொட்டலம் மடிக்கச் சொன்னால் அவள் கை மடிக்காது.

பொட்டலம் மடிக்கிற தாளும் நல்ல தாள். ஓடைத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க அரசர் ஒரு பரிசோதனைக் கூடம் வைத்திருந்தார். அங்கே தினமும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சோதித்து, சொட்டுக்கு ஏழு பிரதிகள் எழுதுவார்கள். ஒன்று அரசருக்குப் போகும், ஆறு சுவருக்குப் பின்னால் போகும். அந்த ஆறையும் குரங்குகள் பொறுக்கிக் கொண்டுவந்து மாராக்காவிடம் கொடுத்துப் பஜ்ஜி வாங்கித் தின்னும். தடித்த தாள், எண்ணெயை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு தாளிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு முத்திரை.

எல்லா மிருகங்களும் பஜ்ஜியைத் தின்றுவிட்டுத் தாளைப் போட்டுவிடும், இரண்டு பேரைத் தவிர. ஒருவன் செவலை என்கிற ஆடு. அவன் பஜ்ஜி தின்பதே தாளுக்காகத்தான். இன்னொருவர் சிங்கராஜா. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்காருவது ராஜாவுக்கு அழகல்ல என்பதால், கொண்டுவந்து கொடுத்ததும் அப்படியே வாயில் போட்டு விழுங்கிவிடுவார்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. ஒருநாள் காலை சிங்கராஜா தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினார். பாதிப் பிடரி கீழே கிடந்தது.

"என் பிடரி மயிர் ஏன் கொட்டுகிறது?" என்று கர்ஜித்தார். பிறகு அவரே யோசித்தார். "நான் சாப்பிடுவது இரண்டே இரண்டுதான். மானும் பஜ்ஜியும். மானை எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து சாப்பிடுகிறோம். ஆகவே பஜ்ஜிதான். அதில் ஏதோ உலோகம் கலந்திருக்கிறது. உடனே சோதியுங்கள்!"

அதே வாரத்தில் செவலையின் தாடியும் கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டின் தாடிக்கு யார் ஆணை போடுவார்கள்? அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழே விழுந்த தாடியையும் தின்றுவிட்டான்.

ஆணையை எடுத்துக்கொண்டு பரிசோதகர் கொக்கு கடைக்கு வந்தார். அவர் ஒற்றைக் காலில் நின்று வேலை பார்ப்பவர், நேர்மையானவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. வெளியில் எதையும் வாங்கிச் சாப்பிடமாட்டார்.

"அம்மா, உங்கள் பஜ்ஜியைப் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும். நாளைக்கு வருகிறேன். தினமும் விற்கிறபடியே ஒரு பொட்டலம் கொடுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார்.

மாராக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருடத்தில் ஓர் அதிகாரி அவள் கடைப் பஜ்ஜியைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"அதெப்புடிங்க சார்? ஆபீசருக்குப் போயி தினமும் போடற மாதிரியே போடறதுங்களா? அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் இல்லீங்க. நீங்க வாங்க, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையிலேயே புளியும் சாம்பலும் போட்டுச் சட்டியைத் தேய்த்தாள். வரிசையில் நின்றவர்கள் முகம் அதில் தெரிகிற அளவுக்குத் தேய்த்தாள். புது எண்ணெய் ஊற்றினாள். சட்டுவத்தை ஒளித்துவிட்டு மரக்கரண்டியால் எடுத்தாள். பழைய தாளில் மடித்தால் மரியாதையாக இருக்காது என்று மந்தாரை இலை பறித்து மடித்தாள். புதுச் சட்டி மாதிரி இருந்ததால் அடியில் தூளே தங்கவில்லை. கொசுறு இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்று ஒரு பஜ்ஜியைக் கூடுதலாக வைத்தாள். கொக்கு அந்தக் கூடுதல் பஜ்ஜியை அலகால் எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. இரண்டு தாள். கொக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"முதல் தாள், கன உலோகங்கள். காரீயம் இல்லை. காட்மியம் இல்லை. பாதரசம் இல்லை. தேர்ச்சி."

வரிசையே கை தட்டியது. மாராக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இரண்டாவது தாள், அத்தியாவசியத் தாதுக்கள். இரும்பு, போதாது. தோல்வி."

கை தட்டியவர்கள் தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"ஏனுங்க சார்," என்று மாராக்கா மெதுவாகக் கேட்டாள், "மொதத் தாள்ல இருக்கறது இருந்தாத் தப்பு. ரெண்டாந்தாள்ல இருக்கறது இல்லாட்டித் தப்புங்களா?"

"ஆமாம்."

"ரெண்டும் உலோகந்தானுங்களே?"

கொக்கு காலை மாற்றி நின்றார். "முதல் தாளில் இருப்பவை உடம்புக்குள் போனால் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வேலையும் செய்யாது, கெடுதல்தான் செய்யும், லேசில் வெளியேயும் போகாது. இரண்டாவது தாளில் இருப்பவை உள்ளே போய் வேலை செய்யும்."

"புரிஞ்சுதுங்க. எங்க வீட்டுக்காரரு மொதத் தாளு."

வரிசையின் கடைசியில் நின்றிருந்த அவள் வீட்டுக்காரர் மெல்ல மரத்துக்குப் பின்னால் போனார்.

"இன்னொரு முறை சோதிப்போம். ஒரு பொருள் இரண்டு முறை தோற்றால் கடைக்குச் சீல். மூன்றாவது வாய்ப்பு விதியில் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கொக்கு போய்விட்டார்.

அன்று முதல் மாராக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சீல் என்றால் மறுபடியும் தேன்கூடு, மறுபடியும் அந்தத் தேனீக்கள். அதைவிட, ஐந்து மணிக்கு ஓடைக்கரை காலியாகக் கிடப்பதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் கவலையில் இருந்தாலும் அடுப்பு பற்றவைத்தாள், சட்டியைச் சுரண்டினாள், தாளில் மடித்தாள். ஆபீசர் வருகிறவரை வழக்கம்போல்தானே.

கொக்கு இந்தமுறை புத்தியாக வந்தார். அலகில் கொஞ்சம் மஞ்சள் பூசிக்கொண்டு, நாரை வேடத்தில் வரிசையில் நின்றார். தினமும் வரும் நாரைக்குப் பின்னாலேயே நின்றார். அந்த நாரை திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஓடைங்க?" என்று கேட்டது. கொக்கு வானத்தைப் பார்த்தார். மாராக்கா ஒன்றையும் கவனிக்கவில்லை. பஜ்ஜி வைத்து, கரகரவென்று சுரண்டி ஒரு பிடி தூள் போட்டு, "இந்தாங்க சாமி" என்று பொட்டலத்தைக் கொடுத்தாள்.

கூடத்தில் கொக்கு பொட்டலத்தைச் சோதித்தார். இரண்டாவது தாளில் இரும்பு தாராளமாக இருந்தது. முதல் தாளில் காரீயமும் இருந்தது, வரம்புக்கு மேலேயே இருந்தது.

வேறு யாராவது என்றால் அங்கேயே சீலை எடுத்திருப்பார்கள். கொக்குக்கு ஒன்று பாதியில் நின்றால் தூக்கம் வராது. பஜ்ஜியைத் தனியே சோதித்தார், தூளைத் தனியே சோதித்தார், தாளைத் தனியே சோதித்தார். இரும்பு வந்தது கொசுறுத் தூளிலிருந்து. சட்டுவம் சட்டியைச் சுரண்டச் சுரண்ட அந்த இரும்புதான் தூளோடு வந்திருக்கிறது. காரீயம் பஜ்ஜியில் தாள் ஒட்டிய பக்கத்தில் மட்டும் இருந்தது. தாளிலோ அந்தச் சிவப்பு முத்திரையில்தான் மொத்தமும் இருந்தது. எண்ணெய் ஊறிய தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முத்திரைக்குக் கீழே ஒரு கையெழுத்து. அது அவருடைய கையெழுத்து.

கொக்கு கூடத்திலிருந்து இறங்கித் தண்ணீரில் போய் நின்றார். ஓடையில் மீன்கள் அவர் காலுக்கடியிலேயே விளையாடிவிட்டுப் போயின. பிறகு 'காரீயம் வந்த வழி' என்ற கட்டத்தில் 'நம்முடைய கூடத்தின் சிவப்பு மை' என்று உள்ளபடியே எழுதி, மேலிடத்துக்கு அனுப்பினார். ஏழு பிரதிகள், முத்திரையோடு.

அந்தக் காட்டில் மேலிடம் என்பது அரசமரத்தின் உச்சிக்கிளை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று யாரும் பார்த்ததில்லை, பதில் மட்டும் கீழே விழும். இதற்கும் விழுந்தது. 'பரிசோதனைக் கூடம் உண்ணும் பொருள் அல்ல. ஆகவே அது நம் வரம்புக்குள் வராது. பஜ்ஜி உண்ணும் பொருள். பஜ்ஜியை மூடவும்.'

கொக்கு கடைக்கு வந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். சட்டி நல்ல சட்டி, கொசுறு நல்ல கொசுறு, கெட்டது எங்கள் மை என்றார். "ஆனாலும் இரண்டு முறை தோற்றுவிட்டது அம்மா. நாளைக்கு நான்கு மணிக்குச் சீல் வைக்க வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை."

மாராக்கா கடையைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தச் செவப்பு மை யாரு வவுத்துக்காச்சும் போயிருக்குங்களா?" என்றுதான் கேட்டாள்.

செவலை தலையைக் குனிந்துகொண்டான். தாடி இருந்த இடத்தில் நாலே நாலு முடி இருந்தது.

"ரெண்டு வருசமா தினமும் ரெண்டு தாளுங்க அக்கா. முத்திரை இருக்கற பக்கம் கொஞ்சம் இனிப்பா இருக்குமுங்க."

மாராக்கா தாள் கட்டைத் தூக்கிக் கடைக்குப் பின்னால் எறிந்தாள். பிறகு அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இவ்வளவு பெரிய கரடி அழுவதைப் பார்க்க முடியாமல் சிறுத்தை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. மான் தன் வாழைக்காய் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டது.

அப்போது வரிசையிலிருந்து வக்கீல் நரி முன்னால் வந்தான். அவன் இதுவரை ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை. ஆனால் மிளகாய் பஜ்ஜிக்காக எதையும் செய்வான்.

"சார், அந்த விதிப் புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிப் புரட்டினான். "இதுல 'விற்கப்படும் பொருள்'னு போட்டிருக்குது. அப்ப விக்கறதைத்தான நீங்க சோதிக்கோணும்?"

"ஆமாம்."

"கொசுறு?"

கொக்கு யோசித்தார். "கொசுறு விற்பனை அல்ல. அது தானாகக் கொடுப்பது. அதற்கு விதி இல்லை."

"அப்ப அக்கா நாளையிலிருந்து பஜ்ஜி விக்க மாட்டாங்க. இந்த மரத்துக்குப் பின்னால நிக்குதே முருங்கை, அதுல ஒரு கொத்து இலை விப்பாங்க. விலை பழைய விலைதான். இலை வாங்கறவங்களுக்குப் பத்து பஜ்ஜி கொசுறு."

எல்லோரும் கொக்கையே பார்த்தார்கள். கொக்கு விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறையும், கடைசியிலிருந்து முதல்வரை ஒருமுறையும் படித்தார்.

"புதுப் பொருள். புதுப் பரிசோதனை. தடை ஒன்றும் இல்லை" என்றார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததாகப் பக்கத்தில் நின்ற நாரை பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

முருங்கை இலையைச் சோதித்தார்கள். முதல் தாளில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது தாளில் இரும்பு, சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம் என்று எழுத இடம் போதவில்லை. மாராக்காவுக்குக் காட்டிலேயே முதல் தரச் சான்றிதழ் கிடைத்தது. கடைமேல் மாட்டினாள். கோணலாக இருக்கிறது என்று ஒவ்வொரு மிருகமும் வந்து ஒருமுறை சரிசெய்துவிட்டுப் போயிற்று.

இனிமேல் பொட்டலத்துக்குத் தாள் கிடையாது, மந்தாரை இலைதான் என்று மாராக்கா சொல்லிவிட்டாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை, எந்த விதியிலும் இல்லை. ஆபீசருக்காகச் சட்டியைத் தேய்ப்பதையும் விட்டுவிட்டாள். சட்டுவத்தையும் இனி யாருக்காகவும் ஒளிப்பதில்லை என்றாள். ஆகவே அந்தக் காட்டில் எல்லா வகையிலும் நல்ல பஜ்ஜி ஒன்று வந்துசேர்ந்தது. அதற்குச் சான்றிதழ் மட்டும் இல்லை, ஏனென்றால் அது கொசுறு.

இதோடு கதை முடிந்திருந்தால் நானும் நல்லபடியாக ஒரு நீதி சொல்லியிருப்பேன். ஆனால் அரசமரத்திலிருந்து இன்னொரு பதில் விழுந்தது. 'சான்றிதழ் பெற்ற பொருள் ஒவ்வொன்றிலும் தர முத்திரை குத்தப்பட வேண்டும்.'

கொக்கு உடனே, வேறு மை அனுப்புங்கள் என்று எழுதிப் போட்டார். 'கையிருப்பில் உள்ள மை தீரட்டும்' என்று பதில் வந்தது. எழுபது பீப்பாய் கையிருப்பு இருந்தது. ஆகவே மாலை நான்கு மணியானால் மாராக்கா அடுப்பு பற்றவைப்பாள், கொக்கு பக்கத்தில் நின்று முருங்கை இலைக்கொத்துகள்மேல் டப் டப் என்று முத்திரை குத்துவார். குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காட்டு மிருகங்கள் வரிசையில் நின்று, முத்திரை குத்திய இலையை முறைப்படி வாங்கி, அந்த இடத்திலேயே கீழே போட்டுவிட்டு, கொசுறை எடுத்துக்கொண்டு போயின. கீழே கிடந்த இலைகளைச் செவலை தின்றான். மாராக்கா சட்டுவத்தோடு ஓடிவந்தாள்.

"அடேய், முத்திரை குத்துனதத் திங்காதடா சாமி!"

"கவலப்படாதீங்க அக்கா. ரெண்டு வருசம் தாள் தின்னவன் நானு. மை எங்க முடியுது, இலை எங்க ஆரம்பிக்குதுன்னு நாக்குலயே தெரியுமுங்க" என்றான் செவலை. சொன்னபடியே முத்திரையைச் சுற்றி மட்டும் கடித்துத் தின்றான். அவன் தின்று முடித்த பிறகு மந்தாரை மரத்தடியில் அங்கங்கே சின்னச் சின்னச் சிவப்புத் துணுக்குகள் மட்டும் கிடக்கும். ஒரு மாதத்தில் தாடி முளைத்தது. மூன்று மாதத்தில் அது அவன் முட்டியைத் தொட்டது.

சிங்கராஜாவுக்கும் பொட்டலம் போயிற்று. ராஜா இலை தின்பதில்லை என்பதால் முருங்கைக் கொத்தை ஒரு தட்டில் வைத்துச் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்துவிட்டு, கொசுறை மந்தாரை இலையோடு அப்படியே விழுங்கினார். அதுவும் இலைதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் பிடரி மயிர் பழையபடி முளைத்துவிட்டது.

அவர் தண்ணீரில் முகத்தைப் பார்த்துவிட்டுச் சபையைக் கூட்டினார். "பார்த்தீர்களா? எல்லாம் அந்த முத்திரையின் மகிமை! இனிமேல் காட்டில் உள்ள எல்லாவற்றிலும் முத்திரை குத்துங்கள்" என்று ஆணையிட்டார். சபை கை தட்டியது. கொக்கும் தட்டினார், ஆனால் மெதுவாக. கொசுறுக்கு மட்டும் எந்த விதியும் இல்லை என்பது அவருக்கு நினைவிருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு, வேலை முடிந்ததும், கொக்கு முத்திரையைப் பையில் போட்டுவிட்டு வரிசையில் போய் நின்றார். இந்தமுறை அலகில் மஞ்சள் இல்லை. மாராக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய்ப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

"சாருக்கு என்னங்க வேணும்?"

"ஓர் இலை" என்றார் கொக்கு.

இலையைக் கொடுத்தாள். பத்து பஜ்ஜி வைத்தாள். கரகரவென்று சுரண்டி, ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகத் தூள் போட்டாள். கொக்கு இலையைச் செவலையிடம் நீட்டிவிட்டு, ஓரமாகப் போய் ஒற்றைக் காலில் நின்று, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பஜ்ஜி தின்றார். வரிசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"எப்புடிங்க சார் இருக்குது?" என்றாள் மாராக்கா.

கொக்கின் அலகெல்லாம் மாவுத் தூள். "அம்மா, இலையைப் பற்றி மட்டும்தான் நான் கருத்துச் சொல்ல முடியும்" என்றார். "இலை மிகவும் நன்றாக இருக்கிறது."

சொல்லிவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார், இன்னோர் இலை வாங்க.

நீதி: முத்திரை குத்தியதை வாங்குங்கள், குத்தாததைச் சாப்பிடுங்கள்.